பரந்தன் ஆலையும் அதற்குக் கிடைக்காத கணக்கும்

வன்னியின் தொழில்கள்: பகுதி 9

தர்மபுரத்தில் பஸ் ஏறி முல்லைத்தீவு வீதியால் மேற்கே வந்தால், புளியம்பொக்கணை, முரசுமோட்டை தாண்டிப் பரந்தன் சந்தியில் ஏ9 வீதி வரும். சந்திக்கு வடக்கே ஆனையிறவு, அங்கே உப்பளம். தெற்கே கிளிநொச்சி நகரம். அதையும் கடந்தால் அறிவியல் நகர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். நடுவில் பரந்தனில்தான் நாட்டுக்குக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரித்துக் கொடுத்த இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. உப்பும் ஆலையும் பல்கலைக்கழகமும் ஒரே வீதியில் அமைந்த இடம் இது. ஆனால் ஆலையும் பீடமும் ஒரே காலத்தில் இருக்கவில்லை. போர் நெருக்கியதில் ஆலை 1980களின் நடுப்பகுதியில் நின்றுபோனது. பீடம் 2014இல் தொடங்கியது.

போன பகுதியில் உப்பளத்தைப் பார்த்தோம். அந்த உப்பு ஆலைக்குள் போனபின் நடந்ததையும், அதே ஆண்டுகளில் லண்டனிலும் பொஸ்ரனிலும் சென்னையிலும் பல்கலைக்கழக அறைகளில் வளர்ந்த ஒரு துறையையும் இந்தப் பகுதியில் சேர்த்துப் பார்க்கிறேன். செயன்முறைத் தொகுதிப் பொறியியல் என்று அதற்குப் பெயர். ஒரு ஆலையின் கலங்களையும் குழாய்களையும் தாங்கிகளையும் தனித்தனியாகப் பாராமல், ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் ஒரே தொகுதியாகக் கணக்கிடுவது அதன் வேலை. பரந்தன் ஆலைக்கு அப்படிப்பட்ட கணக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அதன் இரசாயனமே காட்டிவிடும்.

உப்பை நீரில் கரைத்து, அந்த உவர்நீரில் மின்சாரம் பாய்ச்சினால் மூன்று பொருள்கள் வரும்: குளோரின் வாயு, ஐதரசன் வாயு, கோஸ்டிக் சோடா. எவ்வளவு வரும் என்பதில் எவர் விருப்பத்துக்கும் இடமில்லை. 1000 கிலோ குளோரின் எடுத்தால் 1128 கிலோ சோடா கூடவே வரும். ஐதரசன் 28 கிலோ. அதற்கு 1648 கிலோ தூய உப்பும் 508 கிலோ நீரும் செலவாகும். உள்ளே போனது 2156, வெளியே வந்தது 2156. அந்த விகிதத்தை முகாமையாளராலும் மாற்ற முடியாது, அமைச்சராலும் மாற்ற முடியாது.

சந்தைக்கு இந்த விகிதம் தெரியாது என்பதில்தான் சிக்கல். சவர்க்காரத் தொழிலும் கடதாசித் தொழிலும் சோடாவைக் கேட்கும். குளோரினை யார் கேட்பார்கள்? நகரங்களின் குடிநீருக்குக் கொஞ்சம் போகும், வெளுப்பதற்குக் கொஞ்சம் போகும். மிஞ்சியதை மூட்டை கட்டி அடுக்கி வைக்க முடியாது. அது நச்சு வாயு. திரவமாக்கி, உருளையில் அடைத்து, கண்காணித்தபடி இருக்க வேண்டும். எனவே குளோரின் விலைப்படாத நாளில் சோடா உற்பத்தியையும் குறைத்தாக வேண்டும், சோடாவுக்கு எத்தனை பேர் வரிசையில் நின்றாலும். ஆலையின் ஒரு மூலையில் நிரம்பிய உருளை இன்னொரு மூலையில் ஓடும் கலத்தை நிறுத்தும். தொகுதி என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆலையைத் திட்டமிட்டவர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் அமைச்சரவையில் கைத்தொழிலையும் கடற்றொழிலையும் பொறுப்பேற்றிருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் பெயரோடுதான் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை, பரந்தன் ஆலை மூன்றும் இன்றுவரை சேர்த்துப் பேசப்படுகின்றன. வாழைச்சேனையில் கடதாசிக்கு வைக்கோலைச் சோடாவில் வேகவைக்க வேண்டும். கூழை வெளுக்கக் குளோரின் வேண்டும். இரண்டு ஆலைகளும் ஒன்றையொன்று நினைத்தே பிறந்தவை போலத்தான் தோன்றுகின்றன. பரந்தனின் தொடக்கத் திட்டத்தில் டி.டி.ரி. தயாரிப்பும் இருந்தது. டி.டி.ரி.யின் நிறையில் சரிபாதி குளோரின். 1934–35இல் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன நாடு இது. 1946இல் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கியபின் காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. காட்டை வெட்டிக் குடியேற்றங்கள் எழுந்த வன்னிக்கு அதன் அருமை நன்றாகவே தெரியும். மிஞ்சும் குளோரினுக்கு ஒரு வழி, மலேரியாவுக்கு ஒரு மருந்து: ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர்தான். தெளிப்பு நின்றது. 1968–69இல் காய்ச்சல் திரும்பி வந்து ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் படுக்கவைத்தது. இப்படி மேலும் கீழும் ஆடும் ஒரு தேவையை நம்பி ஆலையின் அளவை எப்படித் தீர்மானிப்பது? 1950களில் இதற்கு அனுபவத்தையும் ஊகத்தையும் விட்டால் வேறு கருவி கிடையாது.

கணக்கைக் கற்றுக்கொடுக்கவும் ஆளில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 1950இல்தான் கொழும்பில் தொடங்கியது. குடிசார், இயந்திர, மின் பொறியியல்களே அதன் பாடங்கள். பீடம் 1964இல் பேராதனைக்கு மாறியது. இரசாயனப் பொறியியல் இந்த நாட்டில் பட்டப்படிப்பாகக் காலூன்ற 1970கள் வரை பொறுக்க வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டின் 49ஆம் இலக்க அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் பரந்தன் ஆலை கூட்டுத்தாபனமாக ஓடிய காலத்தில், அதன் இரசாயனத்தைத் தங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய துறை பக்கத்தில் இருக்கவில்லை. அக்கரையில் நிலைமை வேறு. மேட்டூரில் 1936இல் சோடா ஆலைக்கான நிறுவனம் எழுந்தது. 1944இல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையில் சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. ஆலையும் கல்லூரியும் ஒரே பத்தாண்டுக்குள் அடுத்தடுத்து முளைத்தன. இந்த வேறுபாடு சிறியதல்ல. பின்னால் திரும்ப வருகிறேன்.

இனி லண்டன். ரோஜர் சார்ஜன்ட் 1926இல் பிறந்தவர். இம்பீரியல் கல்லூரியில் இரசாயனப் பொறியியல் படித்து முடித்ததும் பாரிஸில் ஏர் லிக்கீட் நிறுவனத்தில் ஏழு ஆண்டு வேலை பார்த்தார். காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்கி ஒட்சிசனையும் நைதரசனையும் பிரிக்கும் நிறுவனம் அது. அங்கே ஒரு குழாயின் குளிர் இன்னொரு குழாயின் வெப்பத்தை வாங்கும், அது மூன்றாவதை மாற்றும். எதையும் தனியே பிரித்துக் கணக்கிட முடியாது. 1958இல் அவர் இம்பீரியலுக்கு ஆசிரியராகத் திரும்பியபோது அந்த அனுபவமும் கூடவே வந்தது. 1964இல் அவரும் ஆர்தர் வெஸ்டர்பெர்க்கும் ஸ்பீட்-அப் என்ற கணினி நிரலைப் பற்றி எழுதினார்கள். ஆலை முழுவதையும் சமன்பாடுகளாக எழுதி, எந்தச் சமன்பாட்டை முதலில் தீர்க்கவேண்டும் என்பதைக் கணினியே கண்டுபிடிக்கும்படி செய்வது அதன் நோக்கம். பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஆலைக்குள் இருந்தே பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பாரிஸில் அந்த ஏழு ஆண்டுகள் இல்லாவிட்டால் லண்டனில் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்பது என் எண்ணம்.

1973இன் எண்ணெய் நெருக்கடி இந்தத் துறைக்கு உரம் போட்டது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் போடோ லின்ஹோஃப், ஆலையின் எந்தச் சூடான ஓட்டத்தின் வெப்பத்தை எந்தக் குளிர்ந்த ஓட்டத்துக்குக் கொடுத்தால் எரிபொருள் மிகக் குறைவாகச் செலவாகும் என்று வரைபடம் போட்டே காட்டும் முறையைக் கொண்டுவந்தார்; பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவனம் அதைத் தன் ஆலைகளில் பயன்படுத்தியது. அமெரிக்காவில் எம்.ஐ.ரி.யில் 1976இல் லாரி எவன்ஸ் தலைமையில் தொடங்கிய அஸ்பென் ஆய்வுத் திட்டம் 1981இல் அஸ்பென்டெக் என்ற நிறுவனமாயிற்று. 1982இல் ஜப்பானின் கியோட்டோவில் இத்துறையின் முதல் சர்வதேச மாநாடு. இம்பீரியலில் 1989இல் இதற்கென்றே ஆய்வு மையம். அங்கிருந்து 1997இல் ஒரு நிறுவனம் கிளைத்தது. 2019இல் அதை சீமென்ஸ் வாங்கியது. இவற்றையெல்லாம் விரித்துக்கொண்டு போகலாம். ஆனால் பரந்தனுக்கு நேராகப் பொருந்தும் கிளை ஒன்று உண்டு, அதை அருகே போய்ப் பார்ப்பதே பயன்.

பரந்தனைப் போன்ற ஒரு சோடா ஆலையில் ஒரு நாள் முறை முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். குளோரின் மீற்றர் 1000 கிலோ என்கிறது. சோடாத் தாங்கியில் கோல் விட்டு அளந்து, செறிவு பார்த்துக் கணக்கிட்டால் 1090 கிலோ. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. 1000 கிலோ குளோரினுக்கு 1128 கிலோ சோடா இருக்கவேண்டும். மீதி 38 கிலோ எங்கே? மீற்றர் கூட்டிக் காட்டுகிறதா? தாங்கியை அளந்தவர் கோலைச் சரியாகப் பார்க்கவில்லையா? செறிவு பார்த்ததில் பிழையா? அல்லது எங்காவது ஒரு இணைப்பில் சோடா ஒழுகுகிறதா? மேற்பார்வையாளர் ஒருவர் ஆட்களைச் சந்தேகிப்பார். இன்னொருவர் பேரேட்டில் எண்ணைத் திருத்தி எழுதிவிட்டு வீட்டுக்குப் போவார். இரண்டுமே நடக்கக்கூடியவை.

1961இல் கூன், டேவிட்சன் என்ற இருவர் இதற்கு ஒழுங்கான வழி சொன்னார்கள். எந்த அளவையும் முழு உண்மை என்று கொள்ளாதே. எதையும் முழுப் பொய் என்றும் தள்ளாதே. ஒவ்வொரு கருவியின் நம்பகத்துக்கும் ஏற்றபடி எல்லா அளவுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்து, இயற்கையின் விகிதம் பொருந்தும் வரை; அந்த நகர்வின் மொத்தம் மிகக் குறைவாக இருக்கட்டும். நம் உதாரணத்தில் இரண்டு கருவிகளும் ஒரே அளவு நம்பகமானவை என்றால், குளோரின் ஏறத்தாழ 983 கிலோ, சோடா ஏறத்தாழ 1109 கிலோ என்று முடியும். பெருக்கிப் பார்த்தால் விகிதம் சரியாக இருக்கும்.

இதோடு முடியவில்லை. மின்பகுப்பு ஆலையில் மூன்றாவது சாட்சி ஒன்று உண்டு: அம்பியர் மானி. 1000 கிலோ குளோரினைப் பிரிக்க ஏறக்குறைய 7 இலட்சத்து 56 ஆயிரம் அம்பியர் மணி மின்னோட்டம் கலங்களினூடாகப் போயிருக்க வேண்டும். பரடே 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுவிய விதி இது. கலங்களில் வீணாகும் பங்கையும் கழித்த பிறகு மின்னோட்டம் 1000 கிலோ குளோரினை ஆதரித்தால், சந்தேகம் சோடாப் பக்கத்தில் ஒதுங்கும். தாங்கியையும் குழாயையும் போய்ப் பார்க்கலாம். ஆதரிக்காவிட்டால் குளோரின் மீற்றரைக் கழற்றிச் சோதிக்கலாம். சிறு பிசகுக்கும் பெரும் பிழைக்கும் உள்ள வேறுபாட்டைப் புள்ளிவிவரத்தால் பிரித்தறியும் இந்த வேலையில் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மாவும் அவர் மாணவராயிருந்த சங்கர் நரசிம்மனும் 1987இல் ஒரு முக்கியமான முறையை வெளியிட்டனர். நரசிம்மன் பின்னர் சென்னை ஐ.ஐ.ரி.யில் பேராசிரியரானார். கோர்னேலியஸ் யோர்டாக்கேயுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 2000ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் கணக்குப் பிரிவுகளில் இந்த முறை இன்று அன்றாட வேலையாகிவிட்டது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது தொழிலாளியின் நிலை. ஒழுகும் குழாய்க்கு ஒரு மனிதன் பழி சுமப்பதை இந்தக் கணக்கு தடுக்கிறது. சோடா குறைந்ததற்குக் காரணம் தாங்கியில் கோல் விட்டவரா அல்லது மீற்றரா என்பதை அதிகாரம் முடிவு செய்யாமல் எண்கள் முடிவு செய்கின்றன. அரச ஆலைகளின் கதையை எழுதுகிறவர்கள் இலாப நட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இந்தச் சிறு நீதியைப் பற்றி எழுதுவதில்லை.

சென்னையின் பெயர் இந்தத் துறையில் இன்னோர் இடத்திலும் வரும். வெங்கட் வெங்கடசுப்பிரமணியன், மேலே சொன்ன அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயனப் பொறியியல் படித்து 1977இல் வெளியேறியவர். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1984இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி இரவு போபாலில் மெதைல் ஐசோசயனேற்று வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்த ஆலையில் வாயுத் தாங்கியைக் குளிர்விக்கும் இயந்திரம் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவி அழிக்கும் கோபுரம் ஆயத்த நிலையில் இருக்கவில்லை. எரித்துவிடும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. ஒவ்வொன்றையும் தனியே கேட்டால் ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள்: செலவு, பழுது, உற்பத்தி நிறுத்தம். மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

வெங்கடசுப்பிரமணியன் பெர்டியூ பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்டுகளில் செய்தது, ஆலையில் ஒன்று பிசகத் தொடங்கும்போதே அது எங்கே, ஏன் என்று கணினி சொல்லும் முறைகளை வளர்த்தது. 1990களில் ஹனிவெல் நிறுவனம் எண்ணெய், இரசாயன நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய கூட்டமைப்பில் பெர்டியூவும் பங்காளி. ஆய்வுகூடத்தில் எழுதியவை ஆலையில் சோதித்துப் பார்க்கப்பட்டன. அவருடைய மாணவராயிருந்த ரகுநாதன் ரங்கசாமி சென்னை ஐ.ஐ.ரி.யில் படித்துப் போனவர், பின்னர் அங்கேயே பேராசிரியராகத் திரும்பியவர். இருவரும் மற்றவர்களும் சேர்ந்து 2003இல் எழுதிய மூன்று பாகக் கட்டுரை இந்தத் துறையில் படிக்க வருகிற எவரும் முதலில் எடுக்கும் பாடமாகிவிட்டது. குளோரின் உருளை வைத்திருக்கும் எந்த ஊரும் இந்த ஆய்வின் பயனாளிதான். பரந்தன் ஆலையின் பெயர் தாங்கிய அரச நிறுவனம் இன்று திரவக் குளோரினை வெளிநாட்டிலிருந்து தருவித்துக் குடிநீர் சுத்திகரிப்புக்கு வழங்கிவருகிறது. உப்பு நம்முடையது, குளோரின் கப்பலில் வருகிறது.

ஆலை திரும்ப வரவேண்டும் என்ற பேச்சு போர் முடிந்த நாள் தொட்டுக் கேட்கிறது. வரட்டும். அதுவரை இந்தத் துறைக்கு வன்னியில் வேலையில்லை என்று எண்ணுவது பிழை. தர்மபுரத்திலும் கண்டாவளையிலும் அறுவடையாகும் நெல் புழுங்கல் ஆலைக்குப் போகிறது. அந்த ஆலையும் ஒரு தொகுதிதான். ஊறவைத்து அவித்த நெல்லில் ஈரம் 30 வீதம் என்று வைத்தால், 1000 கிலோவை 14 வீத ஈரத்துக்குக் காயவைக்க 186 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். மிஞ்சுவது 814 கிலோ நெல். அந்த ஆவியாதலுக்கு வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 450 மெகாயூல். இப்போது உமியைப் பாருங்கள். நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, ஆகவே ஏறத்தாழ 163 கிலோ. கிலோவுக்கு 13 மெகாயூல் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 2100 மெகாயூல் வெப்பம் அதில் இருக்கிறது. காயவைக்கத் தேவையானதைப் போல் நான்கரை மடங்கு! ஊறவைக்கவும் அவிக்கவும் வேண்டியதைக் கழித்தாலும் மிச்சம் நிறையவே உண்டு. அந்த மிச்சம் புகைபோக்கியால் மேலே போகிறது. ஊறவைத்த சுடுநீரோடு வாய்க்காலில் ஓடுகிறது. புகையின் சூட்டை உலர்த்தும் காற்றுக்கும், கழிவு நீரின் சூட்டை அடுத்த தொட்டி நீருக்கும் எந்த அளவு கொடுக்கலாம் என்பது லின்ஹோஃப் ஐ.சி.ஐ.க்குப் போட்ட அதே வரைபடத்தில் அடங்கும் கேள்வி. ஒரு இறுதியாண்டு மாணவர் நான்கு வெப்பமானிகளோடு இரண்டு மூன்று மாதத்தில் விடை சொல்லக்கூடியது. ஆலைக்காரருக்கு மிஞ்சும் உமி விற்பனைப் பொருள்.

அறிவியல் நகரில் குடிசார், மின் மின்னணு, இயந்திர, கணினிப் பொறியியல் துறைகள் இருக்கின்றன. இரசாயனப் பொறியியல் இல்லை. அதைப் படிக்க வன்னிப் பிள்ளை மொரட்டுவைக்கோ பேராதனைக்கோ போகவேண்டும். இந்தக் குறையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் சார்ஜன்ட் தொடங்கிய துறையின் பாதிக்கு மேல் கணிதமும் கட்டுப்பாட்டியலும் கணினியும்தான். அவை மூன்றுக்கும் ஆட்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். விவசாய பீடமும் அதே வளாகத்தில் இருக்கிறது. நெல்லின் ஈரத்தையும் உடைவையும் அறிந்தவர்கள் அவர்கள். இயந்திரத் துறை கொதிகலனைப் பார்க்க, கணினித் துறை அளவுகளைச் சமன் செய்ய, விவசாய பீடம் அரிசியின் தரத்தைப் பார்க்க, தர்மபுரத்து ஆலை ஒன்றை ஒரு பருவம் முழுதும் எடுத்து ஆராயட்டும். பரந்தனில் மறுபடி கலம் ஓடும் நாள் வந்தால், 1000 கிலோவுக்கு 1128 கிலோ எங்கே என்று கேட்கத் தெரிந்தவர்கள் அயலிலேயே இருப்பார்கள். 1950களில் அந்த ஆலைக்கு வாய்க்காதது அதுதான்.

அடுத்த பகுதியில் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை.